உறுமிய ஜாதகம்

திண்டுக்கல் மாநகரத்துக்கும் அதன் சுற்றுவட்டாரப் பேரூராட்சிகளுக்கும், இடமிருந்தால் உலகத்துக்கும், மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு தெரிவிக்கப்படும் வரலாற்றுச் செய்தி இது: சென்ற வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடிந்த கையோடு, ஒரு கம்ப்யூட்டர் உறுமியது.

சிரிப்பவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள். உறுமியது ஏதோ ஒரு கம்ப்யூட்டர் அல்ல. 'கணினிச் சித்தர்' முனைவர் ஈஸ்வரன் அவர்களின் கம்ப்யூட்டர். முனைவர் பட்டம் எந்த ஊரில் எதற்காகக் கொடுத்தார்கள் என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் அஷ்டமச் சனி பலன் சொல்லி அனுப்பிவைத்தார் என்பதால் இப்போது யாரும் விசாரிப்பதில்லை. கம்ப்யூட்டர் தொண்ணூறுகளின் நடுவில் வாங்கியது. வாங்கும்போது வெள்ளையாக இருந்தது. இப்போது மஞ்சள் பூசிக் குளித்த நிறத்தில் இருக்கிறது. முதுகு பெருத்த மானிட்டர். ஃப்ளாப்பி போடுவதற்கு ஒரு வாய். இருபக்கமும் துவாரபாலகர்கள் மாதிரி, சோப்பு டப்பா உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். பையன் ஜாதகத்தையும் பெண் ஜாதகத்தையும் தட்டிவிட்டால் அது சிறிது நேரம் முனகி, மணியடித்து, "பொருத்தம் உத்தமம்" என்று ஒரு பெண் குரலில் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இன்று பிள்ளைகளுக்கு ஜாதகம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன என்று ஒரு நிருபர் கேட்டபோது, புதுசுக்கு வாக்குச் சுத்தம் கிடையாது என்று சித்தர் பேட்டி கொடுத்திருந்தார்.

ஒரு வருஷமாக அந்தப் பெண் குரலுக்கு முன்னால் வேறொரு சத்தம் வருகிறது. எப்போதும் அல்ல, சில ஜாதகங்களுக்கு மட்டும். டுர்... டுர்டுர்... டுர்ர்ர்ர். தொண்டையில் எலும்பு சிக்கிய நாய், இருட்டில், உங்களைப் பார்த்துவிட்ட பிறகு போடும் சத்தம். முதல் முறை அது உறுமியது செம்பட்டிக்காரப் பையன் ஒருவனின் ஜாதகத்துக்கு. அந்த மாதமே அவன் செம்பட்டி முக்கில் லாரிக்கு அடியில் போனான். அன்றிலிருந்து சத்தத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. 'தோஷ ஒலி.' சித்தரே சூட்டியது. அது விழுந்த ஜாதகத்தை யாரும் கையால்கூடத் தொடுவதில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை அது கீர்த்தனாவுக்கு விழுந்தது.

துப்பறிவாளர் அழகர்சாமியின் அலுவலகம் ஒரு பூட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. 'கழுகு துப்பறியும் நிலையம்' என்ற பலகையில் கழுகை வரைந்த ஓவியருக்குக் கோழி மட்டுமே வரைந்து பழக்கம். அந்தப் பலகைக்குக் கீழே கீர்த்தனா வந்து உட்கார்ந்தபோது, அழகர்சாமி நெற்றியைச் சுருக்கி, கண்ணாடியைக் கழற்றி, பெரிய வழக்குகளுக்கென்று வைத்திருக்கும் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். அவருடைய உதவியாளர் செல்லக்கிளி, ரேஷன் கடையில் பதினைந்து வருஷம் எடை போட்டவள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

கீர்த்தனா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அப்பா கருப்புசாமிக்குச் சேவுகம்பட்டியில் மல்லிகைத் தோட்டம். மாப்பிள்ளை ஸ்ரீராம், வத்தலக்குண்டில் உரக்கடை. பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில், எதற்கும் ஒருமுறை கணினிச் சித்தரிடம் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சண்முகவள்ளி சொல்லியிருக்கிறாள். இரண்டு வீட்டாரும் வேன் வைத்துப் போனார்கள். உறுமியது. இதற்குப் பரிகாரமே கிடையாது என்று சித்தர் கையை விரித்துவிட்டார். வரும் புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முடிவு சொல்வதாக இருக்கிறார்கள். என்ன முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். கருப்புசாமி மூன்று நாளாகப் பூ மார்க்கெட் பக்கம் போகவில்லை. போனால் பூவைக் கேட்பதற்கு முன் உறுமலைக் கேட்கிறார்களாம்.

கல்யாணத்தை நடத்திக் கொடுப்பது துப்பறிவாளர் வேலையில்லையே என்று அழகர்சாமி இழுத்தார்.

"எனக்கு இந்தக் கல்யாணம் நடந்தே ஆகணும்னு இல்ல சார்," என்றாள் கீர்த்தனா. "நின்னா நிக்கட்டும். ஆனா அந்தச் சத்தத்தால நின்னுச்சுன்னு இருக்கக் கூடாது. உறுமல் விழுந்த பொண்ணுன்னு இப்பவே பேரு வச்சுட்டாய்ங்க. எனக்குக் கீழ தங்கச்சி தமிழ்மதி இருக்கா. அந்தப் பேரு அவளுக்கும் சேத்துத்தான்."

"நம்ம பக்கம் ரோடு போட ஆளு கிடைக்காது," என்றாள் செல்லக்கிளி. "பொண்ணுகளுக்குப் பேரு வைக்கணும்னா வரிசைல நிப்பாக."

பேகம்பூரில் அப்துல் ஹக்கீம் பாயின் கடை சின்னது. வயிறு கிழிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர்களின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். சித்தரின் கம்ப்யூட்டருக்கு ஆரம்பம் முதல் அவர்தான் வைத்தியர். அந்தப் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. பழைய காலத்துக் கம்ப்யூட்டரில் சத்தத்துக்கென்று தனி அட்டை ஒன்று இருக்கும். அது வேறொரு அட்டையோடு மோதிக்கொண்டால் பேச்சு விட்டுவிட்டு வரும், திக்கும், கரகரக்கும். அதனால் அட்டையைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகிப் பார்த்தார். அதன் மேலிருக்கும் குட்டி பிளாஸ்டிக் தொப்பிகளை இடம் மாற்றி வைத்தார். அட்டையையே மாற்றினார். எர்த் கம்பியைச் சோதித்தார். கடைக்குத் தூக்கி வந்து ஒரு வாரம் ஓட விட்டார். இங்கே சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக, ஒரு கரகரப்பு இல்லாமல், உத்தமம் உத்தமம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அறைக்குத் திரும்பிய அன்றே உறுமியது.

"கடைசியா ஒண்ணு செஞ்சேன்," என்றார் பாய், குரலை இறக்கி. "வெளிய ஒரு வேன் ஆளுக காத்திருக்காக. சித்தரு அவசரப்படுத்துறாரு. நான் ஸ்பீக்கர் வயரக் கம்ப்யூட்டர்லருந்து உருவிட்டேன். வயரு என் கைல தொங்குது. ஸ்பீக்கரு உறுமுது. சத்தத்தைக் குறைக்கிற திருகைச் சுத்தமா இறக்குனேன். அப்பவும் உறுமுது. அந்தாக்குல பையத் தூக்கிட்டு வந்தவன்தேன்ணே. எம்புட்டுக் கூப்பிட்டாலும் போறதில்ல."

பாய் மறுபடி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார்.

"அப்ப கம்ப்யூட்டரு நிரபராதி," என்றாள் செல்லக்கிளி.

சத்தம் எப்படியிருக்கும் என்று பாய் தயக்கத்தோடு வாயால் செய்து காட்டினார். டுர்... டுர்டுர். அழகர்சாமி நிமிர்ந்தார். அதை அவர் எங்கோ கேட்டிருக்கிறார், தன் வீட்டுக்குள்ளேயே.

திரும்பும் வழியில், மலைக்கோட்டைக்குப் பின்னால் மழை மேகம் கறுத்து நிற்கையில், நினைவு வந்தது. அவருடைய முதல் செல்போனை டிவி மேல் வைப்பது வழக்கம். அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் டிவி இப்படித்தான் உறுமும். அந்தக் காலத்துப் பட்டன் போன் அழைத்தாலும் அழைக்கப்பட்டாலும், பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கருக்குப் பொறுக்காது. வழக்கை முடித்துவிட்ட மிடுக்கோடு அவர் வண்டியை ஓரம் கட்டி இதை விளக்கினார்.

செல்லக்கிளி முழுதும் கேட்டாள். பிறகு, சித்தர் அறைக்குள் செல்போனுக்கே அனுமதி இல்லை என்று நினைவூட்டினாள். கிரகங்களின் கதிருக்கு இடைஞ்சல் என்று வெளியே ஒரு பித்தளைத் தாம்பாளம் வைத்திருக்கிறார். எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊருக்கே தெரிந்த விஷயம் அது. அழகர்சாமி வண்டியை மறுபடி கிளப்பினார்.

மறுநாள் அவர் தன்னுடைய சொந்த ஜாதகத்தோடு சித்தரிடம் தனியாகப் போனார். காத்திருக்கும் அறையில் ஈ காக்கை இல்லை. தாம்பாளத்தில் தன் போனைப் போட்டார். அதில் ஏற்கெனவே ஒரு பழைய பட்டன் போன் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளறைக்கு ஜன்னல் இல்லை. சிவப்பு ஜீரோ வாட் பல்பு ஒன்று. ஏசியின் குளிரில் விபூதி வாசனை உறைந்து கிடந்தது. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அதற்குப் பின்னால், காதுகளை மூடும் அளவுக்குப் பெரிய காவித் தலைப்பாகையோடு சித்தர் வீற்றிருந்தார். கயிறு எதற்கு என்று அழகர்சாமி கேட்டபோது, தோஷ ஒலி அடங்கத்தான், அதற்காக மூன்று ஹோமமும் செய்திருப்பதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பவில்லை. அழகர்சாமி ஒன்றைக் கவனித்தார்: இந்த மனிதன் ஊரை ஏமாற்றலாம், ஆனால் அந்த உறுமலுக்கு நிஜமாகவே பயப்படுகிறான்.

கம்ப்யூட்டர் முனகியது. மணியடித்தது. உத்தமம் என்றது. உறுமவில்லை.

எதிரே யுவராணி என்பவளின் டீக்கடை. செல்லக்கிளி அங்கே மூன்றாவது டீயில் இருந்தாள். யுவராணிக்குச் சித்தர் வாசல்தான் டிவி. யார் யாருக்கு உறுமியது என்று அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். செம்பட்டிப் பையன் வீட்டார் வந்த வேனின் நிறம் வரை சொன்னாள். அவன் செத்தது லாரிக்காரன் குடித்திருந்ததால் என்றும், அந்த லாரிக்காரனுக்கு யாரும் ஜாதகம் பார்க்கவில்லை என்றும் சொன்னாள்.

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் யுவராணி, கிளாசைக் கழுவிக்கொண்டே. "தனியா வர்றவுக சிரிச்சுக்கிட்டே வந்து டீ குடிப்பாக. வேன் வச்சு வர்றவுகதான் அழுதுக்கிட்டே போவாக. டீ ஓடாது."

அழகர்சாமி கிளாசை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினார்.

"ஏந் தாயி," என்றார் செல்லக்கிளியிடம். "ஏழரைச் சனிக்கு வேன் எப்படித் தெரியும்?"

பாய் உறுமலைக் கேட்ட அன்றும் வெளியே வேன் ஆட்கள் இருந்தார்கள். நம் பக்கத்தில் ஜாதகம் பார்க்க யாரும் ஒற்றையாகக் கிளம்புவதில்லை. பெரியப்பா, சின்னம்மா, தாய்மாமன், அவர் புதிதாக வாங்கிய செருப்பு என்று எல்லாம் வேனில் ஏறும். உள்ளே விடுவதோ பையன், பெண், ஆளுக்கு ஒரு பெரியவர். மீதிப் பேர் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து என்ன செய்வார்கள்? அழகர்சாமி செல்லக்கிளியின் காதில் ஏதோ சொன்னார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் அவர் சொன்னதற்குச் சிரித்தாள்.

புதன்கிழமை இரு வீட்டாரும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வந்தார்கள். அழகர்சாமி, கீர்த்தனாவின் அம்மா வழியில் ஒரு மாமா என்ற உறவில் வந்திருந்தார். வானம் பட்டப்பகலில் இருட்டிக்கொண்டிருந்தது. போன்கள் ஒவ்வொன்றாகத் தாம்பாளத்தில் விழுந்தன.

உள்ளே ஸ்ரீராமும் கீர்த்தனாவும் அருகருகே உட்கார்ந்தார்கள். ஸ்ரீராமின் தாய்மாமன் ஒரு பக்கம், கருப்புசாமி ஒரு பக்கம். முந்தின நாள் பழக்கத்தைச் சொல்லி உள்ளே வந்த 'மாமா' அழகர்சாமி சுவரோரம். சண்முகவள்ளியும் செல்லக்கிளியும் மற்றவர்களும் வெளியே. கதவு சாத்தப்பட்டதும் சிவப்பு வெளிச்சம் எல்லோர் முகத்திலும் ஒட்டிக்கொண்டது.

சித்தர் கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். கைகள் மடிக்குள் போயின. பிறகு கீர்த்தனாவின் பிறந்த தேதியைத் தட்டினார்.

டுர்.

டுர்டுர். டுர்ர்ர்ர். சிறிய பெட்டியிலிருந்து வந்தாலும் அது அறை முழுக்க, நாற்காலிக்கு அடியில், காலுக்கு அடியில் இருந்தது. ஸ்ரீராம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். அந்தக் கொஞ்சத்தைக் கீர்த்தனா பார்த்தாள். கருப்புசாமி மகளின் ஜாதகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, அதை மறைப்பவர்போல் அழுத்திக்கொண்டார். சித்தரின் நெற்றியில் ஏசிக் குளிரையும் மீறி வேர்த்திருந்தது.

"இதுக்கு மேல நான் என்ன சொல்ல," என்று அவர் ஆரம்பித்தார். "உயிருக்கே..."

அந்த இடத்தில் அவர் நின்றார். கண்கள் விரிந்தன. அறையில் யாரும் பேசவில்லை, யாரும் அசையவில்லை. திடீரென்று கணினிச் சித்தர் முனைவர் ஈஸ்வரன் இரண்டு கைகளாலும் தன் தலைப்பாகையைப் பிடுங்கித் தரையில் எறிந்து, நாற்காலி மேல் ஏறி நின்று, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு உதறினார்.

"பூரான், பூரான்," என்றார். "எங்க போச்சு பாருங்க."

மடியிலிருந்து ஒரு பட்டன் போன் மேசை மேல் விழுந்து, ஸ்பீக்கர் ஓரமாகப் போய் நின்றது. உறுமல் இரட்டிப்பானது. போனிலிருந்து கிளம்பிய மெல்லிய வயர் ஒன்று அவர் காது வரை போயிருந்தது.

கதவு திறந்தது. செல்லக்கிளி தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் சண்முகவள்ளியும் வேன் ஜனமும்.

"பூரான்லாம் இல்ல சாமி, இறங்குங்க," என்றாள். "தட்டுல ஒரு போனு எப்பவும் கிடக்குதே, யாருதுன்னே தெரியலையேன்னு பாத்தேன். உங்க தலைப்பாகைல பூரான் ஏறுதுன்னு அதுகிட்டச் சும்மா சொல்லி வச்சேன்."

அழகர்சாமி பெரிய வழக்குகளுக்கான முகத்தை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். தாம்பாளத்துப் போன், மணியடிக்காமல் தானாகவே அழைப்பை எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டது. பத்துப் போன்களுக்கு நடுவில் கிடந்தால் அது யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. எல்லோரும் இன்னொருவருடையது என்று நினைப்பார்கள். வெளியே ஆள் இருந்தால் சித்தர் மடிக்குள்ளிருந்து அதை அழைப்பார். வேன் ஜனம் குடும்ப ரகசியங்களைப் பேசும். தலைப்பாகைக்குள் ஞானதிருஷ்டி பிறக்கும். ஒரு வருஷம் முன்பு இந்த ஏற்பாடு தொடங்கிய நாளிலிருந்துதான் உறுமலும். சொல்லிவிட்டு அவர் மேசை மேலிருந்த போனின் அழைப்பைத் துண்டித்தார். உறுமல் நின்றது. மறுபடி அழைத்தார். டுர்.

எல்லோரையும்விட அதிகம் அதிர்ந்தது சித்தர்தான். அவர் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"அப்ப அது என் போனா?" என்றார். "நான் மூணு ஹோமம் பண்ணேனே." முகத்தில் ஒரு வருஷத்துப் பயம் வடிந்துகொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை தாம்பாளத்தில் என்ன கேட்டது என்று அழகர்சாமி விசாரித்தார். சித்தர் சண்முகவள்ளியைப் பார்த்தார். சண்முகவள்ளி சுவரைப் பார்த்தாள். கீர்த்தனா, சொல்லுங்க என்றாள்.

"ஒட்டன்சத்திரத்துல வேற ஒரு இடம் வந்திருக்கு, இது தானா தட்டிப்போனா நம்ம மேல பழி வராதுன்னு அந்தம்மா பேசிக்கிட்டு இருந்தாக," என்றார் சித்தர். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து, "வர்றவங்க மனசறிஞ்சு சொல்றதுதானேங்க ஜோதிடம்," என்றார்.

வெளியே மழை விழ ஆரம்பித்தது. கீர்த்தனா ஸ்ரீராம் பக்கம் திரும்பினாள். ஒட்டன்சத்திரம் அவனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். அவன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தன் போன் அடித்துக் காப்பாற்றிவிடும் என்பதுபோல. எந்தப் போனும் அடிக்கவில்லை.

"சரி," என்றாள் கீர்த்தனா. "கல்யாணம் நின்னுபோச்சு. ஆனா இது சத்தத்தால நிக்கல. நான் நிறுத்துறேன். ஊர்ல கேட்டா அப்படியே சொல்லுங்க, அத்தே. எல்லாரும் இங்கதான இருக்கீங்க, சாட்சிக்கு."

தாம்பாளத்திலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டாள். கருப்புசாமி ஜாதகத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நாளைக்கு மார்க்கெட் போகணும், மழையில் மொட்டு உதிர்ந்துவிடும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே மகளோடு இறங்கிப் போனார்.

யுவராணியின் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அழகர்சாமி நீளமாகப் பேசினார். போலீஸ் எதற்கு, வேன் ஜனத்தின் வாயே போதும். சாயங்காலத்துக்குள் செம்பட்டியிலிருந்து சின்னாளபட்டி வரை விஷயம் போய்விடும். அறிவு விழித்துக்கொண்டது, இனி அந்த வாசலில் ஈகூட உட்காராது. இதைச் செய்தவன் ஒரு சாதாரணத் துப்பறிவாளன் என்று வரலாறு குறித்து வைக்கும். செல்லக்கிளி, வரலாறு குறிக்கிறதோ இல்லையோ பலகையில் அந்தக் கோழியை மாற்றி வரையச் சொல்லுங்கள் என்றாள்.

விஷயம் அவர் சொன்னபடியே எல்லா ஊருக்கும் போனது.

மறுநாள் காலை கணினிச் சித்தர் வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. எல்லோரும் தனியாக வந்திருந்தார்கள்.